சவுக்கைத் தடுத்த சீனிவாசராவ்

தஞ்சையிலே நெல் விளைந்தது. விளைவித்தவனுக்குக் கிடைத்தது என்ன? சவுக்கடி! சாணிப்பால்! வயலுக்கு வர நேரமானால் முதுகிலே அடி. அதுவும் போதாதென்று, சாணத்தைக் கரைத்து வாயிலே ஊற்றுவார்கள். மிராசுதார் தீர்ப்புக்கு அப்பீல் ஏது?

அந்தச் சேரிக்குள் 1943-இல் நுழைந்தார், பொதுவுடைமைக் கட்சி அனுப்பிய பி. சீனிவாசராவ். 1907-இல் தென் கன்னடத்தில் பிறந்தவர். உயர்குலம் எனப்பட்ட குலம்; தாய்மொழி கன்னடம். பண்ணையார் வீட்டுத் திண்ணையைத் தேடினாரா? இல்லை! பண்ணையாளின் குடிசையிலே படுத்தார், அவன் கூழைக் குடித்தார். தென்பரையிலே விவசாயிகள் சங்கக் கொடி ஏறிற்று. அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்று அவர் சொல்லித் தந்தார். வளைந்த முதுகுகள் நிமிர்ந்தன.

1944-இல் மிராசுதார்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்; சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. பிறகு வந்தது அடக்குமுறை, தலைமறைவானார், தளரவில்லை. 1952-இல் பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டமே பிறந்தது. 1961 செப்டம்பர் 30-இல் அவர் மறைந்தார்.

ஆதிக்கமும் அவரோடு மறைந்ததா? ஏழே ஆண்டுகள்! 1968-இல், கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியிலே 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன.

கொடியின் நிறம் எதுவானால் என்ன, தோழர்களே! கூலி பிறகு, மானம் முதலில் என்று வாழ்ந்து காட்டியவர் அவர். அவர் நிமிர்த்திய முதுகு மீண்டும் வளையாமல் காப்பது நம் வேலை!