ஜெராக்ஸ் தந்த செஸ்டர் கார்ல்சன்

பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்காதவர் நம்மில் ஒருவர்கூட இருக்க முடியாது. ஆனால் அந்த மெஷினுக்குத் தகப்பனான செஸ்டர் கார்ல்சனை, எடிசனைத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. நான் மாலையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். லேசர் பிரிண்டரைக் கழற்றி மாட்டிப் பழகிய பிறகுதான் இவர் கதையைத் தேடிப் படித்தேன்.

1906 பிப்ரவரி 8-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. காசநோயும் மூட்டுவாதமும் சேர்ந்து அவரை வேலைக்குப் போக முடியாமல் முடக்கிப் போட்டன. பள்ளிக்கூடம் போகும் முன்பும் விட்ட பின்பும் கிடைத்த வேலையெல்லாம் செய்து பையன்தான் குடும்பத்தைக் காப்பாற்றினான். 17 வயதில் அம்மாவும் போய்விட்டார். ஓர் அச்சகத்தில் வேலை செய்தபோது பழைய அச்சு மெஷின் ஒன்றை வாங்கி, வேதியியல் பத்திரிகை நடத்தப் பார்த்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கையெழுத்துப் பத்திரிகை நடத்திய நம் ஆட்களுக்கு அந்த வலி புரியும்!

கொஞ்ச நாள் வேலை, கொஞ்ச நாள் படிப்பு என்று ஜூனியர் காலேஜை முடித்து, கால்டெக்கில் சேர்ந்து 1930-இல் இயற்பியல் பட்டம் வாங்கினார். உலகமே மந்தத்தில் கிடந்த நேரம் அது. 82 கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டும் ஒருவரும் வேலை தரவில்லை. பிறகு பெல் லேபில் வேலை கிடைத்து, 1933-இல் அதுவும் போனது. கடைசியில் நியூயார்க்கில் ஒரு மின்சாதனக் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் சேர்ந்தார். அங்கே ஒரு பத்திரத்துக்கு நகல் வேண்டுமென்றால் மறுபடி டைப் அடிக்க வேண்டும், படத்துக்கு போட்டோ எடுக்க வேண்டும். இரவில் சட்டம் படித்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதி எழுதிப் படித்தார். கிட்டப்பார்வை வேறு, அப்பாவைப் போலவே மூட்டுவலி வேறு. பட்டனைத் தட்டினால் நகல் வரும் மெஷின் வேண்டும் என்ற எண்ணம் அந்த வலியில்தான் பிறந்தது.

முதல் சோதனைக்கூடம் வீட்டுச் சமையலறை. அடுப்பில் கந்தகத்தை உருக்கித் துத்தநாகத் தகட்டில் பூசுவார். நாற்றம் தாங்காது. பிறகு ஆஸ்டோரியாவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அகதியாக வந்திருந்த ஆட்டோ கோர்னி என்ற இயற்பியலாளரை உதவிக்கு வைத்துக்கொண்டார். 1938 அக்டோபர் 22. அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் கண்ணாடித் துண்டில் மையால் எழுதினார்கள். இருட்டில் கந்தகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றம் கொடுத்தார்கள். கண்ணாடியை மேலே வைத்துச் சில விநாடி வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்துவிட்டது; எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கியது. லைகோபோடியம் தூளைத் தூவி ஊதினால் எழுத்து அப்படியே நிற்கிறது! அதை மெழுகுத்தாளில் ஒற்றி, சூடு காட்டி ஒட்டவைத்தார்கள்.

மின்னேற்றம், வெளிச்சம், தூள், ஒற்றல், சூடு. இந்த வரிசைதான் இன்றைக்கும் லேசர் பிரிண்டருக்குள் நடக்கிறது. கடையில் விநோதமான கோளாறு வரும்போது நான் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஒருநாள் ஒரு பிரிண்டர் வெறும் வெள்ளைத் தாளாகவே தள்ளியது. கார்ட்ரிட்ஜ் புதுசு, கேபிள் சரி. பாதித் தாள் உள்ளே போனதும் மூடியைத் திறந்து நிறுத்திவிட்டு டிரம்மைப் பார்த்தோம். டிரம்மில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது, தாளில் இல்லை. அப்படியென்றால் முதல் மூன்று வேலையும் சரி, கோளாறு ஒற்றலில். டிரான்ஸ்ஃபர் ரோலரின் மின்தொடர்பு விட்டுப்போயிருந்தது. டிரம்மிலேயே எழுத்து இல்லையென்றால் லேசரையும் டோனரையும் சந்தேகப்பட வேண்டும். விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்ந்தால் சூடு போதவில்லை. ஒரே புள்ளி தாளில் ஏறக்குறைய 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை விழுந்தால், ஸ்கேலை வைத்து அளந்தாலே போதும்: சிறிய பிரிண்டர்கள் பலவற்றில் டிரம்மின் சுற்றளவு அதுதான், கீறல் அங்கே இருக்கும். மழைக்காலத்தில் மட்டும் எழுத்து மங்கினால் பிரிண்டரைத் திட்டாதீர்கள். ஈரம் குடித்த தாளில் மின்னேற்றம் நிற்காது. புதுக் கட்டைப் பிரித்துப் போடுங்கள்.

சரி, கார்ல்சன் கதைக்கு வருவோம். 1942-இல் காப்புரிமை கிடைத்தது, வாங்கத்தான் ஆளில்லை. ஐ.பி.எம்., ஜெனரல் எலக்ட்ரிக், கோடாக் என்று இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கைவிரித்தன. கோர்னியும் வேறு வேலைக்குப் போய்விட்டார். விடுவாரா மனுஷன்! 1944-இல் ஒஹையோவிலுள்ள பட்டேல் ஆய்வு நிறுவனம் கைகொடுத்தது. கந்தகம் போய் செலினியம் வந்தது. 1947-இல் ஹாலாய்ட் என்ற சின்ன போட்டோ பேப்பர் கம்பெனி உரிமம் எடுத்தது. 1949-இல் வந்த முதல் மெஷினில் எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டியிருந்ததால் அது எடுபடவில்லை. 1959-இல் வந்ததுதான் 914. சுமார் 300 கிலோ எடை. தாள் சிக்கித் தீப்பிடிக்கும் என்று கூடவே தீயணைப்பானும் கொடுத்தார்கள்! ஆனாலும் சாதாரணத் தாளில், பட்டனைத் தட்டினால் நகல். ஹாலாய்ட் 1961-இல் ஜெராக்ஸ் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பணம் கொட்டியது. பாதியில் விலகிப்போன கோர்னிக்கு 100 பங்குகளைப் பரிசாகக் கொடுத்தார். சுமார் 10 கோடி டாலரை, பெரும்பாலும் பெயர் சொல்லாமலே, தானமாகக் கொடுத்தார். இதுதான் எனக்கு 914-ஐவிடப் பெரிசாகத் தெரிகிறது.

1968 செப்டம்பர் 19-இல் நியூயார்க்கில் ஒரு சினிமா தியேட்டரில், இருக்கையில் உட்கார்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. 1971-இல் அதே ஜெராக்ஸ் கம்பெனியில் கேரி ஸ்டார்க்வெதர், வரிசையின் இரண்டாவது வேலையில் விளக்கை எடுத்துவிட்டு லேசரை வைத்தார். மற்ற நான்கையும் அவர் தொடவில்லை.