பரிசு வராத மேதை – ஜி.என். லூயிஸ்

நோபல் பரிசு கிடைக்காத விஞ்ஞானிகளில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

1875 அக்டோபர் 23-ம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதில் வீட்டிலேயே பாடம். ஹார்வர்டில் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு ஜெர்மனி சென்று ஆஸ்ட்வால்ட், நெர்ன்ஸ்ட் ஆகியோரிடம் பயின்றார். 1904-ல் அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸில், மணிலாவில் எடை, அளவுகள் துறைக்குக் கண்காணிப்பாளரானார். சர்க்கார் உத்தியோகத்திலேயே காலம் தள்ளிய எனக்கு இது ஒரு சந்தோஷம்! 1912-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன? சமையல் உப்பில் விடை சுலபம். சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒன்று நேர் மின்சுமையும் மற்றது எதிர் மின்சுமையும் பெற்று ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேரும்போது யார் கொடுப்பது, யார் வாங்குவது?

1916-ல் லூயிஸ் இதற்கு வழி காட்டினார். இரண்டு அணுக்களும் ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் போட்டு, அந்த ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. கூட்டுக்குடும்பச் சொத்து மாதிரி! தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜனின் வெளிவட்டத்தில் 6 எலக்ட்ரான்கள். இரண்டு ஹைட்ரஜன்களோடு இரண்டு ஜோடிகளைப் பகிர்ந்துகொண்டதும் அதன் கணக்கில் 8 ஆகிறது, ஹைட்ரஜன் ஒவ்வொன்றுக்கும் 2. ஒவ்வோர் எலக்ட்ரானையும் ஒரு புள்ளியாகக் குறித்து இதைக் காகிதத்தில் காட்டினார்.

இந்தப் பகிர்வு அணுக்களை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதை 1927-ல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் கணக்குப் போட்டு விளக்கினார்கள். லூயிஸ் அதை 11 ஆண்டுகளுக்கு முன்பே ரசாயன அறிவால் மட்டும் எட்டிவிட்டார் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

புகழ் மட்டும் வேறு பக்கம் போயிற்று. லாங்மியூர் இந்தக் கொள்கையை விரிவாக்கி, 1919-ல் அந்தப் பிணைப்புக்குக் கோவேலன்ட் என்று பெயர் வைத்து, தம் சொற்பொழிவுகளால் பிரபலமாக்கினார். பலர் அதை அவருடையதாகவே பேசினார்கள். வேறோர் ஆராய்ச்சிக்காக லாங்மியூருக்கு 1932-ல் நோபல் பரிசும் வந்தது. லூயிஸின் பெயர் 40 தடவைக்கு மேல் சிபாரிசு செய்யப்பட்டும் பரிசு வரவில்லை. அவருக்கு மனத்தாங்கல் இருந்தது உண்மை. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. 1933-ல் தூய கனநீரை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அவரே. 1946 மார்ச் 23 அன்று, 70-வது வயதில், ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை செய்துகொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

அவர் வளர்த்த பெர்க்லி ரசாயனத் துறையில் படித்தவர்களில் யூரி (1934), ஜியோக் (1949), சீபோர்க் (1951), லிப்பி (1960) ஆகியோர் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரு குருவுக்கு இதைவிட என்ன பாக்கியம் வேண்டும்? பதவி உயர்வு தள்ளிப்போன வருத்தத்தோடு ஓய்வு பெற்ற அன்பர்கள் நம் சங்கத்திலும் இருக்கலாம். லூயிஸின் வாழ்க்கையை அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.