கார்ல் பொஷ்: பசளை தந்தவரும் அவரது நிறுவனமும்

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எமது விவசாயிகள் பட்ட அவலத்தை நாம் மறந்துவிடவில்லை. யூரியாவுக்கு மூலமான அமோனியாவைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் வழியை உலகுக்குத் தந்தவர் ஜேர்மனியரான கார்ல் பொஷ் ஆவார்.

1874 இல் கொலோன் நகரில் பிறந்த அவர், உலோகவியலும் இயந்திரப் பொறியியலும் பயின்று, பின்னர் லீப்சிக்கில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1899 இல் பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தில் இணைந்தார். காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனுடன் சேர்த்து அமோனியா பெறலாம் என்பதை பிரிட்ஸ் ஹேபர் 1909 இல் ஆய்வுகூடத்தில் நிரூபித்தார். அதனைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு பொஷ்ஷிடம் ஒப்படைக்கப்பட்டது.

சுமார் 200 வளிமண்டல அமுக்கத்தில், 500 பாகை செல்சியஸை அண்டிய வெப்பத்தில் உருக்குக் கலங்கள் சில நாட்களிலேயே வெடித்தன. ஐதரசன் உருக்கிலுள்ள காபனைக் கவர்ந்து அதனை நலிவடையச் செய்வதை அவர் கண்டறிந்தார். உட்புறம் காபன் குறைந்த மெல்லிரும்பு, வெளிப்புறம் சிறு துளைகளிட்ட உருக்கு என இரட்டைச் சுவர் அமைத்தார். கசியும் ஐதரசன் துளைகளினூடாக வெளியேறியது. 1913 இல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது.

மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. பசளைக்காக எழுந்த தொழில்நுட்பம் வெடிமருந்துக்கும் பயன்பட்டது. 1919 இல் பொஷ் நிறுவனத்தின் தலைவரானார். 1921 இல் ஓப்பாவில் பசளைக் களஞ்சியம் வெடித்து 500 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1925 இல் உருவான ஐ.ஜி. பார்பன் என்னும் மாபெரும் கூட்டு நிறுவனத்தின் முதல் தலைவரும் அவரே. 1931 இல் பிரெட்ரிக் பேர்கியஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத விஞ்ஞானிகள் பதவி நீக்கப்பட்டனர். அது ஜேர்மனியின் விஞ்ஞானத்தையே அழித்துவிடும் என பொஷ் ஹிட்லரிடம் நேரில் எடுத்துரைத்தார், பயன் கிட்டவில்லை. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில், நட்டத்தில் தத்தளித்த செயற்கைப் பெற்றோல் திட்டத்தைக் காப்பாற்ற அதே அரசுடன் அவரது நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1935 இல் அரசின் தடையையும் மீறி நடைபெற்ற ஹேபரின் நினைவுக் கூட்டத்தில் கலந்துகொண்ட அவர், 1940 இல் ஹைடெல்பேர்க்கில் காலமானார். அதன் பின்னர் ஐ.ஜி. பார்பன் அவுஷ்விட்ஸ் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கியது.

பொஷ்ஷின் தனிப்பட்ட துணிவை நாம் மதிக்கின்றோம். எனினும், பெரும் நிறுவனமொன்றை வழிநடத்துபவரின் மனச்சாட்சி அவரது பேச்சில் மாத்திரமன்றி, அவரது நிறுவனம் இடும் கையொப்பத்திலும் வெளிப்பட வேண்டும் என்பதே அவரது வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.