கரணை பூசிய கைகள்

கரிசல் காட்டில் அம்மன் கொடை நடக்கும் இரவுகளை நாம் அறிவோம். வில்லுப்பாட்டுக்காரர் வில்லைக் கட்டிக்கொண்டிருப்பார். சற்றுத் தள்ளி, காய்ந்த சோளத்தட்டையைக் கொளுத்தி, பறையை அந்த அனலில் காட்டிக்கொண்டிருப்பார் இன்னொருவர். ஈரம் வற்றும், தோல் இறுகும், சுருதி ஏறும். கோவில்பட்டியின் தீப்பெட்டி ஆபீசிலும் பஞ்சாலையிலும் பகலெல்லாம் பாடுபட்டவர்கள் அந்த முழக்கத்தில் களைப்பை மறப்பார்கள். பறை காய்ச்சியவரை விஞ்ஞானி என்று யாரும் சொல்வதில்லை. சொல்லத்தான் வேண்டும் என்கிறோம் நாம். அதற்குச் சாட்சியாக உலகறிந்த விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையையே அழைக்கிறோம்.

அவர்தான் சர் சி. வி. ராமன். 1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சியில் பிறந்தவர். தந்தை சந்திரசேகரன் கல்லூரியில் பௌதிகமும் கணிதமும் போதித்தவர். வீட்டிலே பிடில் வாசித்தவர். ராமனின் கைப்பிடித்த லோகசுந்தரி வீணை மீட்டத் தெரிந்தவர். 1907இல் சர்க்காரின் நிதித்துறையில் உத்தியோகம் கிடைத்துக் கல்கத்தா போனார் ராமன். பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சிச்சாலை. 1917இல் அந்த உத்தியோகத்தையும் உதறிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார்.

அங்கே அவர் ஒளியை மட்டுமா ஆராய்ந்தார்? இல்லை. பிடிலையும் வீணையையும் தம்புராவையும் மிருதங்கத்தையும் மேசைமீது வைத்து ஆராய்ந்தார். மனிதன் கை இழுக்கும் வில் எப்போதும் ஒரே சீராக இராது என்று, பிடிலை வாசிக்க ஓர் இயந்திரமே அமைத்தார். அதிலே வில் நிற்கும், பிடில் நகரும்! தம்புராவும் வீணையும் ஏன் அவ்வளவு நிறைவாக ஒலிக்கின்றன? அவற்றின் வளைந்த குதிரையிலே விடை இருப்பதை 1921இல் எடுத்துக்காட்டினார்.

மிருதங்கத்தில் அவர் கண்டதுதான் பெரிது. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசையா. அடிப்படை ஒலியைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அவை கணக்காக வருவதில்லை. ஒன்றரைக்குச் சற்று மேல், இரண்டுக்குச் சற்று மேல் என்று சிதறும். அதனால்தான் பல நாட்டு முரசுகளில் முழக்கம் உண்டு, சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவில் கரணை இருக்கிறது. கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பூசித் தேய்த்து ஏற்றிய கரும்பூச்சு அது. நடுவில் கனம் ஏறியதும் சிதறிய ஒலிகள் வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுருதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன! இந்த இசைவை 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் அறிவித்தார் ராமன். பின்னர் தோல்மீது நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கொண்டே அதிர்வுகளைக் கண்ணுக்கும் காட்டினார்.

1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவு, 1930இல் நோபல் பரிசு, 1933இல் பெங்களூர், 1948இல் தம் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம். 1970 நவம்பர் 21இல் மறைந்தார். இசையில் தோய்ந்த விஞ்ஞானி இவர் ஒருவர்தானா? ஐன்ஸ்டீன் பிடில் வாசித்தார். வங்கத்து சத்யேந்திரநாத் போஸ் எஸ்ராஜ் வாசித்தார். ஆனால் அவர்களுக்கு இசை பெரும்பாலும் ஓய்வு. ராமனுக்கோ அதுவே ஆராய்ச்சியும் ஆயிற்று.

இங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். மிருதங்கத்தை வாசித்தவருக்கு மேடை கிடைத்தது. ஆராய்ந்தவருக்குப் புகழ் கிடைத்தது. செய்தவருக்கு என்ன கிடைத்தது? மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பதப்படுத்தி, காதால் அளந்து, கையால் கரணை பூசி, எத்தனை பூச்சில் சுருதி நிற்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவன் யார்? தோலைத் தொட்டதற்காகவே தீண்டத்தகாதவன் என்று தள்ளிவைக்கப்பட்டவன்! அவன் செய்த மிருதங்கம் சன்னதிக்குள் போயிற்று. அவன் வாசலில் நின்றான். 2020இல் பாடகர் டி. எம். கிருஷ்ணா இந்தத் தொழிலாளர்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நல்ல காரியம்தான், ஆனால் எத்தனை தலைமுறை கழித்து!

ராமனின் பெருமையை நாம் குறைக்கவில்லை. கரணையின் கணக்கை உலகுக்குச் சொன்னவர் அவர். அந்தக் கணக்கைக் கையால் போட்டுவைத்தவர்களும் விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற வேண்டும் என்கிறோம். அடுத்த கொடையில் பறை காய்ச்சும் தோழரைக் கண்டால் அருகே போய் உட்காருங்கள். எவ்வளவு அனல், எவ்வளவு நேரம், எந்தத் தோல் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதும் பௌதிகப் பாடமே.