தோடி தந்த ராஜரத்தினம்

கம்மாபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தலில் மேடை போட்டிருக்கிறது. நாதசுரக்காரர் பட்டுச்சட்டை அணிந்து, ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இப்படி நடக்காது. நாதசுரக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். சட்டை போடக் கூடாது. பெரிய மனிதர்கள் வந்தால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பாட்டுக்காரருக்கு மேடை, நாதசுரக்காரருக்குத் தெரு!

இதை எதிர்த்து நின்றவர் ஒருவர். அவர்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

பெயர் மாறியது

நாகப்பட்டினம் பக்கத்தில் திருமருகல் என்ற ஊர். அங்கே 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்ற பெயர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சூட்டியது. சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதசுர வித்துவான். அந்தக் குடும்பத்தில் பையன் வளர்ந்தான்.

ஆனால் அவன் முதலில் கற்றது நாதசுரம் அல்ல, வாய்ப்பாட்டு! பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர்தான் ஆசிரியர். நாதசுரம் பிறகுதான் வந்தது. அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் பாடம் கேட்டான். பாட்டுப் பயிற்சி வீண் போகவில்லை. பின்னாளில் அவர் குழலை எடுத்தால் அது ஊதுவது போல் இராது. ஒருவர் வாய்விட்டுப் பாடுவது போல் இருக்கும்.

ஏழு துளை

நாதசுரம் எளிதில் வசப்படும் வாத்தியம் அல்ல. விரல் வைக்க ஏழே துளைகள். ஐரோப்பாவில் இருந்து வந்த சாக்சபோனைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் சாவிகள் உண்டு. அழுத்தினால் சுரம் வரும். நாதசுரத்தில் சாவி ஏது? சீவாளியை உதட்டால் அழுத்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும்தான் பாதிச் சுரங்களைக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் தவறினாலும் அபசுரம். பந்தல் முழுவதும் கேட்கும். மறைக்க முடியாது!

(அந்தச் சாக்சபோனிலேயே கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய கத்ரி கோபால்நாத், ஒரு நாதசுரக்காரரின் மகன்தான்.)

அந்நாளில் எல்லோரும் வாசித்தது "திமிரி" என்ற குட்டை நாதசுரம். சத்தம் காதைத் துளைக்கும். திறந்த வெளிக்கு அது சரி. மேடைக்கு? ராஜரத்தினம் நீளமான "பாரி" நாதசுரத்தை எடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து செய்து கொடுத்தார். சுருதி இறங்கியது. நாதம் குழைந்தது.

தோடி ராகத்தை அவர் மணிக்கணக்கில் வாசிப்பார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில். இருவரும் சேர்ந்தால் ஊரே திரண்டு வரும். அவருடைய தோடி இசைத்தட்டு, பாட்டுத் தெரியாதவர்களையும் கட்டிப் போட்டது.

கிராப்பும் கோட்டும்

ராஜரத்தினம் குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்தார். பட்டுக்கோட்டு அணிந்தார். பாட்டுக்காரருக்குத் தரும் மேடையைத் தமக்கும் கேட்டார், வாங்கினார். திமிர் பிடித்தவர் என்று பலர் ஏசினார்கள். அது திமிராகவே இருக்கட்டும்! அந்தத் திமிர் இல்லாவிட்டால், நம் கல்யாணப் பந்தலில் நாதசுரக்காரர் இன்னும் நின்றுகொண்டிருப்பார்.

1940இல் "காளமேகம்" படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். எடுத்தவர் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர்.

1947 ஆகஸ்டு 14ந் தேதி. நாடு விடுதலை பெறும் முந்திய மாலை. திருவாவடுதுறை ஆதீனத்தார் டில்லி சென்று நேருவிடம் செங்கோல் கொடுத்தார்கள். அந்த விழாவில் ஒலித்தது ராஜரத்தினத்தின் நாதசுரம். ஒரு காலத்தில் துண்டை இடுப்பில் கட்டச் சொன்ன கூட்டத்தின் வாத்தியம், அன்று நாட்டின் தலைவர் வீட்டில் கேட்டது.

கை நிறையச் சம்பாதித்தார். கை நிறையச் செலவழித்தார். குடிப்பழக்கமும் உண்டு. முன்கோபமும் உண்டு. கடைசிக் காலத்தில் பணம் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12ந் தேதி சென்னையில் காலமானார். வயது 58.

தோடி மட்டும் இசைத்தட்டில் இருக்கிறது. கிடைத்தால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள்.