விழாத விமானம் தேடியவர்

ஹெலிகாப்டரை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு மூத்த சகோதரியான ஆட்டோஜைரோவை அறிந்தவர் நம்மில் சிலரே. அதனை உலகிற்கு அளித்தவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் தெ லா சியெர்வா.

1895ஆம் ஆண்டு மூர்சியாவில் பிறந்த இவர், பள்ளிப் பருவத்திலேயே நண்பர்களுடன் கூடி விமானம் செய்யத் தொடங்கினார். 1919இல் இவர் வடிவமைத்த மூன்று எஞ்சின் விமானம், தரைக்கு அருகே வேகம் குன்றி விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது என்பதே விமானத்தின் பெருங்குறை. அக்குறையைப் போக்குவதே அன்றுமுதல் இவரது இலட்சியமாயிற்று.

இவர் கண்ட வழி எளியது. தலைக்கு மேல் ஒரு பெரிய விசிறி. ஆனால் பறக்கும்போது அதை எஞ்சின் சுழற்றுவதில்லை. முன்னுள்ள சுழலி ஊர்தியை இழுக்க, கீழிருந்து மேலாகப் பாயும் காற்றே விசிறியைச் சுழற்றும். நடுவானில் எஞ்சின் நின்றாலும், இறங்கும் வேகத்தில் விசிறி சுழன்றுகொண்டே இருக்கும்.

முதலில் செய்த மூன்று ஊர்திகளும் சரிவரப் பறக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தன. முன்னோக்கி வரும் அலகு காற்றை எதிர்த்து மிகுதியாகத் தூக்க, பின்னோக்கிச் செல்லும் அலகு குறைவாகத் தூக்கியதே காரணம். கதவுக்கு இருப்பதுபோல் அலகின் அடியில் கீல் பொருத்தி, அதை மேலும் கீழும் அசைய விட்டார். 1923 ஜனவரியில், மாட்ரிட் அருகே கெத்தாஃபெயில், நான்காம் ஊர்தி நேராகப் பறந்தது!

பின்னர் தாமே விமானம் ஓட்டக் கற்று, 1928 செப்டம்பரில் ஆட்டோஜைரோவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இதை ஓட்டக் கற்பவருக்கு முதற்பாடம் பொறுமை: விசிறி போதிய வேகம் பெறும்வரை தரையை விட்டு எழலாகாது. வானில் மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளவும் கூடாது. தள்ளினால் விசிறிக்குக் காற்றின் தாங்குதல் குறைந்துவிடும். 1931இல் அமெரிக்காவில் அமேலியா ஏர்ஹார்ட் என்னும் வீராங்கனை ஆட்டோஜைரோவில் 18,415 அடி உயரம் எட்டினார் என்பது மாணவியராகிய நமக்குப் பெருமை தரும் செய்தி.

1936 டிசம்பர் 9 அன்று, லண்டனை அடுத்த குராய்டனில், மூடுபனியில் மேலெழுந்த பயணிகள் விமானம் ஒரு வீட்டில் மோதியது. அதில் பயணியாக இருந்த சியெர்வா, தம் 41ஆம் வயதில் உயிர் நீத்தார். விமானம் விழாதிருக்க வழி தேடியவரை விமானமே பலிகொண்டது.

ஆயினும் அவர் கண்ட கீல், பின்வந்த ஹெலிகாப்டர்களுக்கு வழிகாட்டியது. மூன்று முறை சாய்ந்ததும் அவர் சோர்ந்திருந்தால், நான்காவது பறந்திருக்குமா? தோல்வி நேரும்போது அதன் காரணத்தைத் தேடும் மனத்தை நாமும் வளர்த்துக்கொள்வோமாக.