சிவன்மலையை ஆய்ந்த ஹாலண்ட்

காங்கேயத்தை அடுத்துள்ள சிவன்மலையை அறியாதார் நம் வட்டாரத்தில் இலர். மலைமேல் உள்ள முருகன் கோயிலால் பெயர்பெற்ற அக்குன்று, பாறையியல் நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. அந்த இடத்தைப் பெற்றுத் தந்தவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட் என்னும் ஆங்கிலேயர்.

1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த ஹாலண்ட், 1890இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரின் கல்லறைக்கல் அவர் கருத்தைக் கவர்ந்தது. அக்கல் சென்னைப் பக்கத்துக் கல்லோடு ஒத்திருத்தலைக் கண்டு, 1893இல் அப்பாறைக்குச் 'சார்னோகைட்' எனப் பெயர் சூட்டினார். பல்லாவரத்துக் கல், கம்பெனி ஊழியர் ஒருவரின் பெயரைத் தாங்கி உலகெங்கும் உலவுவது விந்தையே! பல்லாவரம் என்றே பெயரிட்டிருக்கலாகாதா என எண்ணத் தோன்றுகிறது.

1900இல் வெளியிட்ட பெருநூலில் சேர்வராயன், நீலகிரி மலைப் பாறைகளையும் இக்குடும்பத்தில் சேர்த்தார். சிலிக்கா மிகுந்த வெளிர்பாறை ஒரு முனை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறை மறுமுனை. கேப்ரோவின் உடன்பிறப்பாகிய நோரைட் அக்கரும்பாறை வகையைச் சார்ந்தது. ஒரே பாறைக்குழம்பு படிப்படியாகப் பிரிந்து இவையனைத்தும் தோன்றின என்பது அவர் துணிபு. அத்துணிபு முழுமையாக நிலைக்கவில்லை. பழைய பாறைகள் நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், நீர் குன்றிய சூழலில், பெருவெப்பத்தால் உருமாறியும் சார்னோகைட் ஆகும் என்பதைக் கர்நாடகத்துக் கப்பல்துர்காவில் பிச்சமுத்து போன்ற நம் நாட்டு அறிஞர் பின்னர்க் காட்டினர். பாலக்காடு முதல் காவிரி வரை செல்லும் பட்டையில் கிடைக்கும் கேப்ரோவின் வேதியியலை ஆராய்வோர் பலர், அங்கே தொல்கடல் ஒன்று மூடி இருநிலங்கள் மோதின என்பர். நிலத்தட்டுக் கொள்கை ஹாலண்டின் காலத்தில் பிறக்கவேயில்லை.

1901இல் அவர் சிவன்மலை பற்றிய நூலை வெளியிட்டார். அம்மலைப் பாறையில் நெபிலின் உண்டு, குவார்ட்ஸ் இல்லை. சிலிக்கா குறைந்து அலுமினா மிஞ்சிய இடத்தில் குருந்தம் விளைந்துள்ளது. தமிழின் 'குருந்தம்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆயிற்று என்பதைத் தமிழ் மாணவர் நினைவிற்கொள்க.

1903இல் துறைத்தலைவரான ஹாலண்ட், பின்னர் மான்செஸ்டரில் பேராசிரியரானார். 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்திற்குத் தலைமை தாங்கினார். பின்னலாடைத் தொழிலால் வாழும் நமக்கு இது கருதத்தக்கது. அரசு தொழில்வளர்ச்சியில் ஈடுபடவேண்டும் என அவ்வாணையம் பரிந்துரைத்தது. எனினும் உறுப்பினரான மதன்மோகன் மாளவியா, நம் தொழில்கள் நலிந்ததற்கான காரணங்களைத் தனிக்குறிப்பில் எழுதினார். அக்குறிப்பையும் சேர்த்துப் படித்தாலன்றி ஆணையத்தின் அறிக்கை நிறைவுறாது என்பது என் கருத்து.

போர்த்தளவாட ஒப்பந்தக்காரர் மீதான வழக்கு ஒன்று திரும்பப் பெறப்பட்டமைக்காகக் கண்டனம் எழவே, 1921இல் வைசிராய் அவையிலிருந்து விலகினார். பாறையில் பிழையைத் திருத்தப் பின்வந்தோர் இருந்தனர். இவ்வடுவோ அவர் வரலாற்றில் அப்படியே நின்றுவிட்டது. எனினும் கல்வியுலகம் அவரைக் கைவிடவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவராகவும், 1929 முதல் 1944 வரை எடின்பரோப் பல்கலைக்கழக முதல்வராகவும் விளங்கினார்.

1947 மே மாதம், நம் நாடு விடுதலை பெறுவதற்கு மூன்று திங்கள் முன்னர், அவர் மறைந்தார். சென்னைப் பரங்கிமலைச் சார்னோகைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பேணப்படுகிறது.